நாலு கோர், ஒரு முகூர்த்தம்

தெஹியோவிட்ட டவுனில் என் கடைக்கு வெளியே தொங்குகிற போர்டில் ஏழு தொழில் எழுதியிருக்கிறது. போட்டோகொப்பி, பிரிண்ட், ஸ்கேன், பாஸ்போர்ட் படம், கல்யாண வீடியோ, அல்பம், லைவ். உள்ளே இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஏழு தொழிலையும் அதுதான் பார்க்கிறது. நானும் என் மனைவியும் அதற்குத் தூசு தட்டி, மின்விசிறி போட்டு, கோபம் வராமல் பார்த்துக்கொள்கிறோம்.

இரண்டாம் கையாக வாங்கிய பெட்டி அது. நாலு கோர். நாலு கோர் என்றால் ஒரு நேரத்தில் உண்மையில் நாலு வேலைதான் நடக்கும். மற்றதெல்லாம் வரிசையில் நிற்கும். மாறி மாறி நடப்பது அவ்வளவு வேகமாக இருப்பதால் எல்லாம் ஒன்றாக நடக்கிற மாதிரி நமக்குத் தெரிகிறது. இப்போது யார் உள்ளே போகலாம், யார் வெளியே நிற்கலாம் என்று தீர்மானிப்பதற்கென்றே உள்ளே ஒரு பகுதி இருக்கிறது. ஷெட்யூலர் என்பார்கள்.

டவுன்காரர்களுக்கு இதை விளக்க அரை மணித்தியாலம் வேண்டும். தோட்டத்து ஆட்களுக்கு அரை நிமிடம் போதும். விடியக்காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் போய் வரிசையில் நிற்கிறோம். கணக்கப்பிள்ளை வந்து, நீங்கள் நாலு பேர் மேல்மலையில் ரப்பர் பால் வெட்டுங்கள், நீங்கள் புல்லு வெட்டுங்கள், நீ ஸ்டோருக்குப் போ என்று பிரித்து விடுகிறார். அதே வேலைதான். கணக்கப்பிள்ளை ஒரு நாளைக்கு ஒரு தடவை பிரிக்கிறார், இது ஒரு விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை பிரிக்கிறது. இதை முதன்முதலாக நான் சொன்னபோது என் மனைவி கவலைப்பட்டாள்.

"அப்ப அந்தாளுக்கு டீ குடிக்கக்கூட நேரம் இல்லையாங்க?"

நான் இந்த ஷெட்யூலருக்குள் கை வைத்ததற்கு முழுக் காரணமும் கோபம்தான். ஒரு கல்யாண வீடியோவைச் சேர்த்து முடிக்கப் பெட்டிக்கு ஐந்தாறு மணித்தியாலம் ஆகும். அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர் ஒற்றைப் பக்கத்துக்கு பிரிண்ட் கேட்டு வருவார். அவிசாவளை பஸ் கடைக்கு முன்னால் நின்று ஹோர்ன் அடிக்கும். "மல்லி, இக்மனட்ட!" தம்பி, சீக்கிரம் என்று அவர் சிங்களத்தில் அவசரப்படுத்துவார். பெட்டியோ கல்யாண வீடியோவுக்கும் அவருடைய ஒற்றைப் பக்கத்துக்கும் சரிசமமாகப் பங்கு வைத்துக்கொண்டிருக்கும். நாலு நிமிடம் கழித்துப் பக்கம் வெளியே வரும். பஸ் போயிருக்கும். அவர் என்னை ஒரு பார்வை பார்ப்பார். சரிசமம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, கடை நடத்துகிறவனுக்கு அது சரிப்பட்டு வராது.

படித்தேன். ஒவ்வொரு வேலைக்கும் நைஸ் என்று ஒரு எண் உண்டு. எண் கூடக் கூட அந்த வேலைக்கு மற்றவர்மேல் மரியாதை கூடும், அவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்கும். ஆகக் கூடியது பத்தொன்பது. கல்யாண வீடியோவுக்குப் பத்தொன்பதைப் போட்டேன். அன்று ஒற்றைப் பக்கம் கேட்டு வந்தவர் காசை எடுப்பதற்குள் பக்கம் கையில் இருந்தது. பெட்டியையே நான்தான் செய்து வைத்த மாதிரி ஒரு வாரம் நடந்துகொண்டேன். பக்கத்து சலூன்காரரிடம் பத்தொன்பதைப் பற்றி இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவர் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

பிறகு ஆசை விடவில்லை. திரையில் மூன்று பட்டன் செய்து வைத்தேன். ஒன்று கடை நாள்: கடையில் நிற்கிற ஆளின் வேலைக்கு முதல் இடம், மற்றதெல்லாம் ஒதுங்க வேண்டும். இன்னொன்று அல்பம் நாள். பௌர்ணமிப் போயா லீவுக்கு டவுன் அடைத்துக் கிடக்கும்போது அதை அமுக்கினால், நாலு கோரையும் வீடியோவுக்கே எழுதிக் கொடுத்துவிடும். மூன்றாவது லைவ் நாள். என் பெருமையெல்லாம் அதில்தான் இருந்தது.

லைவ் என்பது காத்திருக்கத் தெரியாத வேலை. பிரிண்ட் ஒரு நிமிடம் பிந்தினால் ஆள் முறைப்பார், அவ்வளவுதான். லைவில் ஒரு விநாடி பிந்தினால் அந்த விநாடி போனது போனதுதான். எங்கள் தோட்டத்து டிவிஷன் கோவில் தேர் லயம் லயமாக, வீட்டு வரிசை வரிசையாகச் சுற்றி வரும். அந்தத் திருவிழாவை முதல் தடவை லைவ் போட்டபோது, கொழும்பில் கடைகளில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் வரிசையாகப் போன் எடுத்தார்கள். "அண்ணே, பாட்டு அடுத்த லயத்துக்குப் போயிருச்சு, தேரு இன்னும் இங்கயே நிக்குது" என்றான் ஒருவன். வெட்கமாகப் போய்விட்டது.

இதற்கு மருந்து ரியல்டைம் என்கிற வகுப்பு. அந்த வகுப்பில் ஒரு வேலையைப் போட்டுவிட்டால் அது யாருடனும் முறை வைத்துக்கொள்ளாது. அது போதும் என்று சொல்கிற வரைக்கும் சாதாரண வேலைகள் வெளியில்தான் நிற்க வேண்டும். பெட்டியே செத்துப் போய்விடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு விநாடியிலும் இருபதில் ஒரு பங்கை மற்றவர்களுக்கு என்று பிடித்து வைத்திருக்கிறார்கள். லைவ் படத்தை அந்த வகுப்பில் ஏற்றினேன். அடுத்த திருவிழாவில் தேரும் பாட்டும் ஒன்றாகப் போயின. எனக்குத் தலை கால் புரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அக்காவின் போன் வந்தது.

சொந்த அக்கா இல்லை. நான் பிறந்த லயத்தில் எங்களுக்கு மூன்று காம்பிரா தள்ளி, மூன்றாவது வீட்டில் இருந்தவள். புருஷன் இல்லை, ஒரே மகள். ஆறு வருஷமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. மகளை அக்காவின் அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். மகளுக்குக் கல்யாணம் பேசி, நாள் குறித்து, அக்காவுக்கு லீவும் சரியாகியிருந்தது. கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அந்த வீட்டு மேடம் லீவு இல்லை என்று சொல்லிவிட்டாராம்.

"கல்யாணத்த தள்ளிப் போட வேணாம்னு சொல்லிட்டேன் தம்பி," என்றாள். "எனக்கு நீ ஒன்னே ஒன்னு செய். தாலி கட்டுறத மட்டும் நான் பாத்துரணும். மத்தது எதுவும் தெரியாட்டியும் பரவால்ல."

"பக்கத்துல நின்னு பாக்குற மாதிரி காட்டுறேங்க்கா" என்றேன். சும்மா சொல்லவில்லை. என்னிடம்தான் லைவ் நாள் பட்டன் இருக்கிறதே.

அந்தக் கல்யாணத்துக்குப் பெட்டியின் தலையில் ஐந்து வேலை விழுந்தது. மண்டபத்துப் படம் அக்காவுக்குப் போக வேண்டும். அக்காவின் படம் இங்கே வர வேண்டும். அதற்காக மணவறைக்குப் பக்கத்தில் ஒரு டிவி வைத்திருந்தோம். இரண்டு பக்கத்துச் சத்தமும் போய் வர வேண்டும். பெரிய LED திரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் கடற்கரையில் எடுத்த ப்ரீஷூட் வீடியோ ஓட வேண்டும். வருகிற ஆட்களுக்குக் கொடுக்கிற தேங்க்யூ கார்ட் அங்கேயே படத்தோடு பிரிண்டாக வேண்டும். இந்தக் கடைசி யோசனை என்னுடையதுதான். யாரும் கேட்கவில்லை.

வரிசை போட்டேன். போகிற படத்துக்கு ரியல்டைம், ஆக முதல் இடம். சத்தத்துக்கும் ரியல்டைம். LED-யும் கார்டும் சாதாரணம். அக்காவின் முகம் வருகிற வேலைக்குப் பத்தொன்பது. என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"அக்கா மூஞ்சியத் தூக்கி கடைசியில போட்டுட்டீங்க?"

"அக்கா பாக்கத்தான் போறா. நாங்க அக்காவப் பாக்குறதுக்கு என்னா அவசரம்? கொஞ்சம் விட்டு விட்டு வந்தா வரட்டும்."

அவளுக்கு கமெரா பெட்டரி சார்ஜ் போடுகிற வேலை இருந்தது. அதனால் நான் ஜெயித்தேன்.

கல்யாணத்தன்று பெட்டியை பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலில் தோட்டத்துக்கு ஏறினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. டிவிஷன் மண்டபத்தில் சிக்னல் இல்லாததால் இன்டர்நெட் டொங்கிளுக்குப் பொலித்தீன் சுற்றி, ஒரு மூங்கிலில் கட்டி வெளியே நட்டேன். பத்து மணிக்கு அக்கா டிவியில் வந்தாள். அங்கே காலை ஏழரை. உடுப்புத் துவைக்கிற அறையில், வோஷிங் மெஷினுக்கு முன்னால், அரக்குக் கலர் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு நின்றாள். மேடம் ஒரு மணித்தியாலம் கொடுத்திருந்தாராம். மண்டபமே டிவிக்கு முன்னால் வந்து விழுந்தது. "அக்கா!" "சித்தி!" "அனே, மெலிஞ்சு போயிட்டியே!" அக்கா சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் வெட்டி வெட்டி வந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. போகிற படம் பளிங்கு மாதிரி போய்க்கொண்டிருந்தது, எனக்கு அது போதும்.

முகூர்த்தம் பத்து இருபதிலிருந்து பத்து நாப்பத்தைந்து வரைக்கும். எல்லாம் நேரத்துக்கு நடந்தது. கார்டுகள் வந்துகொண்டிருந்தன. LED-யில் மாப்பிள்ளை கடற்கரையில் குதிக்கும்போது நடுவானில் இரண்டு தடவை விக்கி நின்றார், ஆட்கள் கைதட்டினார்கள். டிவியில் அக்கா ஒரு கண்ணை மூடினபடி அப்படியே நின்றுவிட்டாள். போன விநாடியின் கண் சிமிட்டல். பரவாயில்லை என்று விட்டேன்.

பிறகு தாலித் தட்டு வந்தது.

எங்களில் தாலியைத் தேங்காய்மேல் வைத்து, மஞ்சளும் பூவும் போட்டு, தட்டோடு சபையில் கொண்டுபோவார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவரும் தொட்டுக் கும்பிட்டுக் கொடுப்பார்கள். எல்லாருடைய கையும் பட்ட பிறகுதான் அது மாப்பிள்ளை கைக்குப் போகும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். எத்தனையோ கல்யாணத்தில் அந்தத் தட்டை க்ளோசப்பில் எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு அன்று மட்டும் அது எந்தப் பக்கம் போகும் என்று தோன்றவே இல்லை.

அக்காவின் அண்ணன்தான் தட்டைப் பிடித்திருந்தார். முன்வரிசை முடித்தார். மாப்பிள்ளையின் அப்பா அம்மாவிடம் போனார். அங்கிருந்து நேராக டிவிக்கு முன்னால் வந்து நின்று தட்டை நீட்டினார்.

"தங்கச்சி, தொட்டுக் குடும்மா."

டிவியில் அக்கா ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவர் காத்திருந்தார். மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் என் பக்கம் திரும்பினார்.

"என்னாப்பா, இவ கையத் தூக்க மாட்டேங்குறா?"

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. தட்டை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடலாம், நேரம் போகிறது என்று யாரோ சொன்னார்கள். மணவறையில் இருந்த பெண் தலையை நிமிர்த்தினாள்.

"அம்மா தொடாம நான் கழுத்த நீட்ட மாட்டேன்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அப்படிச் சொன்னால் அப்படித்தான் என்று லயத்துக்கே தெரியும். ஐயர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மணி பத்து முப்பத்தெட்டு. நாப்பத்தஞ்சோட முகூர்த்தம் முடியுது. சீக்கிரம் பாருங்க!"

முதலில் நான் டொங்கிளைத் திட்டினேன். கமெராவில் நின்ற மனைவியைப் பார்த்து மூங்கிலைத் திருப்பச் சொல்லிக் கத்தினேன். அவள் கமெராவை விட்டுவிட்டு, பட்டுச் சேலையோடு மழையில் இறங்கி ஓடி மூங்கிலைத் திருப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் திரையைப் பார்த்தேன். நாலு கோரும் நிறைந்து வழிந்தது. போகிற படம் தன் பங்கையெல்லாம் அள்ளிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்த இருபதில் ஒரு பங்கில் மாப்பிள்ளையின் குதிப்பும் தேங்க்யூ கார்டும் முன்னால் நின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால், பத்தொன்பதைச் சுமந்துகொண்டு, அக்கா நின்றாள்.

தப்பு சிக்னலிலும் இல்லை, மழையிலும் இல்லை. நான்தான். அக்காவை வேடிக்கை பார்க்க வருகிற ஆளாக நினைத்து வரிசை போட்டிருந்தேன். அவள் பெண்ணின் தாய். அந்தக் கல்யாணத்தில் அவள் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அதைத் தேங்க்யூ கார்டுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தேன்.

மாற்ற இரண்டு வரி போதும். அக்காவின் முகத்தை ரியல்டைமுக்கு ஏற்ற ஒரு வரி, போகிற படத்தை இறக்க ஒரு வரி. ஆனால் கீபோர்டும் ஒரு சாதாரண வேலைதான். அதுவும் அதே வரிசையில்தான் நிற்கிறது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வர மூச்சு விட்டு மூச்சு வாங்குகிற நேரம் ஆனது. பதற்றத்தில் ஒரு எழுத்தை மூன்று தடவை தட்டிவிட்டேன். அழிக்க ஒரு யுகம். மனைவி நனைந்தபடி பக்கத்தில் வந்து நின்றாள்.

"மொதல்ல மூச்சு விடுங்க. ஒவ்வொரு எழுத்தா அடிங்க."

ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். போகிற படத்தை ஒரேயடியாக ஆகக் கடைசி வகுப்புக்குத் தள்ளினேன். ஐயர் நாப்பத்திரண்டு என்றார். என்டரை அமுக்கினேன்.

ஒரு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு அக்காவின் மூடின கண் திறந்தது. அவள் சேலைத் தலைப்பு அசைந்தது. "அந்தா, அக்கா அசையுறா!" என்று யாரோ கத்தினார்கள். வலது கை மேலே வந்து, எங்களை நோக்கி நீண்டு, டிவி முழுக்க நிறைந்தது. சவர்க்காரத்தில் வெளுத்த விரல்கள், இரண்டு கண்ணாடி வளையல். அண்ணன் தட்டைத் தூக்கி டிவிக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். அக்கா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"கெட்டி மேளம்!" என்று ஐயர் கத்தினார். பெண் தலையைக் குனிந்தாள். நாப்பத்து நாலுக்குத் தாலி ஏறியது. பூவும் அரிசியும் பறந்தன. டிவிமேல் விழுந்தது, என் கீபோர்டுக்குள்ளும் விழுந்தது. LED-யில் அதுவரை விக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை தங்குதடையில்லாமல் குதித்தார். நான் எல்லார் முன்னாலும் அழுதேன். அண்ணன் வந்து என் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்டா நீ" என்றார். அதை மறுக்கிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

அடுத்து வந்த போயாவுக்கு அல்பம் நாள் பட்டனை அமுக்கிவிட்டு, அக்காவுக்குப் போன படத்தின் பதிவைத் திறந்தேன். போகிற படம் போகும்போதே ஒரு பிரதி பெட்டியில் விழுந்திருக்கும். பத்து நாப்பத்திரண்டு வரைக்கும் பளிங்கு. அதற்குப் பிறகு ஒரே படம். அண்ணனின் முதுகு. பத்து ஐம்பதுக்குக் கார்டு முடிகிற வரைக்கும் அவர் முதுகு மட்டும்தான். ஆகக் கடைசிக்குத் தள்ளினேன் அல்லவா? மாப்பிள்ளையின் குதிப்பும் கார்டும் அள்ளியது போக அதற்கு எதுவும் மிஞ்சவில்லை. LED-யை நிறுத்தியிருந்தால் இரண்டு படமும் ஓடியிருக்கும். அன்று எல்லாரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு என்ன தெரிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை, என்னையும் சேர்த்து.

ஆளில்லாமல் நின்ற கமெராவின் மெமரி கார்டில் தாலி கட்டியது ஓரமாகவாவது பதிவாகியிருந்தது. ஆனால் அவள் கேட்டது அந்த நேரத்தில் பார்க்க. அக்காவுக்குப் போன் எடுத்தேன். அன்று பேசினதை இவ்வளவு நாள் யாரிடமும் சொல்லவில்லை. போன வருஷம் ஊருக்கு வந்தபோது அக்காவே மகளிடம் சொல்லிவிட்டதால்தான் இப்போது எழுதுகிறேன்.

"அக்கா, தாலி கட்டுனது தெரிஞ்சுச்சா?"

"இல்ல தம்பி. அண்ணன் முதுகுதான் தெரிஞ்சுச்சு."

"அப்ப எப்புடிக்கா கைய நீட்டுனீங்க?"

"சத்தம் கேட்டுச்சுல்ல. அண்ணன் தொடுன்னு சொன்னது, இவ கழுத்த நீட்ட மாட்டேன்னது, ஐயரு நேரம் போகுதுன்னது, எல்லாம் கேட்டுச்சு. மொதல்லயும் ஒரு தடவ நீட்டுனேன், சொல்லவும் சொன்னேன், அந்தச் சலசலப்புல ஒங்களுக்கு வெளங்கல போல. அப்பறம் 'அந்தா, அக்கா அசையுறா'ன்னு யாரோ கத்துனாங்க. அந்த நேரம் பாத்து இங்க படம் நின்னுருச்சு. எனக்குத் தெரியலன்னு வாயத் தொறந்திருந்தா நீ மறுபடியும் நோண்ட ஆரம்பிச்சிருப்ப. நேரம் போயிருக்கும். அதான் திரும்பவும் நீட்டிட்டேன்."

கமெராவில் இருப்பதை அன்றைக்கே அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"அனுப்பு, பாக்குறேன்," என்றாள் அக்கா. "மகள்கிட்ட மட்டும் இப்ப சொல்லிராத. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சுத்தான் அவ தலையக் குனிஞ்சா."